பிள்ளைகள் துணிக்கு இஸ்திரி தேவையா?

வீட்டில் போடும் டி-ஷர்ட், இரவு உடைக்கெல்லாம் தேவையே இல்லை, போட்ட அரை மணியில் எப்படியும் கசங்கிவிடும். துவைத்ததை மெஷினிலேயே கிடக்கவிடாமல் உடனே எடுத்து, நன்றாக உதறி, தையலோரங்களை இழுத்துவிட்டுக் காயப்போட்டாலே பெரும்பாலான சுருக்கம் போய்விடும். சீருடை, விசேஷத்துக்கான பருத்திச் சட்டை என்றால் சரி, போடுங்கள். லேசான ஈரத்தோடு தேய்த்தால் பருத்தி சீக்கிரம் படியும். படம் அச்சடித்த துணியை உள்பக்கம் திருப்பித்தான் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் படம் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். லேபிளில் உள்ள இஸ்திரிப் பெட்டிக்குறியில் ஒரு புள்ளி இருந்தால் அதிகபட்சம் 110 டிகிரி செல்சியஸ், இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200. அப்புறம், சுருக்கமே கூடாது என்று அடம்பிடிக்கும் பெரிய பிள்ளையிடம் பெட்டியையே கொடுத்துவிடலாம், முதலில் கொஞ்ச நாள் பக்கத்தில் நில்லுங்கள். அணைத்த பெட்டியும் வெகுநேரம் சுடும், சின்னவர்களுக்கு எட்டாத இடத்தில் ஆறவிடுங்கள்.