கடைக்குட்டிக் கட்டடத்தைத் தேடுங்கள்: பழைய ரயில் படத்துக்கு ஆண்டு குறிப்பது எப்படி?

வடசென்னையில் பல வீடுகளில் ரயில்வேக்காரர் ஒருவராவது இருந்திருப்பார். பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பிலோ பேசின் பிரிட்ஜ் யார்டிலோ வேலை பார்த்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தால், அடியில் நாலைந்து படங்கள் கிடக்கும். எப்போது எடுத்தது என்று கேட்டால், "அது அந்தக் காலம்பா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சொல்ல ஆள் இல்லாத படத்துக்கும் ஆண்டு குறிக்கலாம். பின்னால் நிற்கும் கட்டடங்களைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

எஞ்சினைப் பார்த்து ஆண்டு சொல்லத்தான் முதலில் கை பரபரக்கும். ஆனால் ஓர் எஞ்சின் முப்பது நாற்பது வருஷம் ஓடும், ஊர் விட்டு ஊரும் போகும். கட்டடம் கட்டின இடத்திலேயே நிற்கும். திறந்த நாளும் பெரும்பாலும் பதிவாகியிருக்கும்.

முதலில் படத்தைத் தயார் செய்யுங்கள்

600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. பின்னால் எழுதியிருக்கும் தேதியை அப்படியே நம்பிவிடாதீர்கள். படத்தை யாருக்கோ கொடுத்த நாளாக இருக்கலாம். அடுத்து, படத்தில் ஏதாவது எழுத்து தெரிகிறதா பாருங்கள். நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரதி எடுத்திருந்தால் இடம் வலமாகிவிடும், அப்புறம் எல்லாக் கணக்கும் தப்பும். ரயில் பெட்டியின் பக்கவாட்டில் எம்.எஸ்.எம். (மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே) என்ற எழுத்து தெரிந்தால், அந்த ரயில்வே 1908-இல் உருவானது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தென்னக ரயில்வே பிறந்தது 1951 ஏப்ரல் 14-இல்.

இடத்தை முடிவு செய்த பிறகு, இளைய கட்டடம்

படத்தின் வயது அதில் இருக்கும் கடைக்குட்டிக் கட்டடத்தின் வயதைத் தாண்டாது. இந்த வேலைக்கு அடிப்படையே இதுதான்.

அதனால்தான் ராயபுரம் ஸ்டேஷன் நமக்கு அதிகம் உதவாது. 1856-இல் திறந்த கட்டடம். தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியதே அங்கிருந்துதான். அந்தத் தூண்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறையும். ஆனால் அதற்கு முந்தைய ரயில் படம் இங்கே கிடையாது என்பதால், அதை வைத்து ஆண்டைச் சுருக்க முடியாது.

சென்ட்ரல் பக்கம் வந்தால் விருந்து. ஸ்டேஷன் 1873-இல் வந்தது. மணிக்கூண்டோடு இப்போது நாம் பார்க்கும் முகப்பு முழுமையானது 1900 வாக்கில்தான். மூர் மார்க்கெட்டும் அப்போதுதான் வந்தது. ரிப்பன் மாளிகையை 1909-இல் தொடங்கி 1913-இல் திறந்தார்கள். சாரம் கட்டிய நிலையில் அது படத்தில் தெரிந்தால் நாலு வருஷத்துக்குள் பிடித்துவிடலாம். பக்கத்திலுள்ள ரயில்வே தலைமை அலுவலகம் 1922 டிசம்பரில் திறந்தது.

இப்போது இல்லாத கட்டடம்

இளைய கட்டடம் ஒரு பக்கத்து எல்லையைக் கொடுக்கும். மறுபக்கத்து எல்லையை, போய்விட்ட கட்டடம் கொடுக்கும். மூர் மார்க்கெட் கூரையோடு முழுசாக நின்றால், அந்தப் படம் 1985 மே 30 தீ விபத்துக்கு முந்தையது. பழைய புத்தகம் வாங்க அங்கே அலைந்தவர்களுக்கு அந்தத் தேதி மனப்பாடமாக இருக்கும்.

கூரையையும் கம்பியையும் விடாதீர்கள்

பெரிய கட்டடம் எதுவும் இல்லாமல் வெறும் குடியிருப்பு தெரிகிற படங்கள்தான் அதிகம். அவற்றில் மொட்டைமாடியைப் பாருங்கள். டிவி ஆன்டெனா இருந்தால் 1975-க்குப் பிறகு. சென்னையில் தூர்தர்ஷன் அந்த ஆகஸ்ட் 15-இல்தான் ஒளிபரப்பைத் தொடங்கியது. குடிசை மாற்று வாரியத்தின் அடுக்குமாடி என்றால் 1970-க்குப் பிறகு, வாரியமே அந்த ஆண்டில் அமைந்தது.

தண்டவாளத்துக்கு மேலே ஓடும் மின்கம்பி இன்னும் நல்ல சாட்சி. ஆனால் எந்தப் பாதை என்று தெரியாமல் அதைத் தொடாதீர்கள். பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931-லேயே ஓடிவிட்டது. கும்மிடிப்பூண்டி பாதைக்கு மின்சாரம் வந்ததோ 1979-இல். ஒரே கம்பி, இடத்தைப் பொறுத்துக் கிட்டத்தட்ட ஐம்பது வருஷ வித்தியாசம்!

ஒரு படத்தை வைத்துப் பார்ப்போம்

எங்கள் பெரியப்பா கத்திவாக்கம் ஸ்டேஷனில் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டில் அதை "அறுபதுகளில் எடுத்தது" என்றே சொல்லி வந்தார்கள். ஸ்டேஷன் பெயர்ப்பலகை தெரிகிறது, இடத்தில் சந்தேகமில்லை: கும்மிடிப்பூண்டி பாதை. தூரத்தில் எண்ணூர் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி, அதிலிருந்து புகை. அந்த நிலையத்தில் மின் உற்பத்தி தொடங்கியது 1970-இல். ஆக அறுபதுகள் அடிபட்டுப் போயிற்று. தண்டவாளத்துக்கு மேலே கம்பி இல்லை, ஓரத்தில் மின்கம்பமும் இல்லை. மின்சார ரயில் ஓடுவதற்குப் பல மாதங்கள் முன்பே கம்பம் நட்டுவிடுவார்கள் என்பதால், 1978-க்கு அப்பால் போகத் தயக்கமாக இருந்தது. பிறகு பெரிதாக்கிப் பார்த்தபோது, வலது ஓரத்து வீட்டு மாடியில் மீன்முள் மாதிரி ஓர் ஆன்டெனா. 1975-க்கும் 1978-க்கும் நடுவில் வந்து நின்றது. பெரியம்மாவிடம் காட்டினேன். "அப்போ இது பெரியவன் பிறந்த பிறகு எடுத்தது" என்று சொல்லிவிட்டுப் படத்தை வெகுநேரம் கையில் வைத்திருந்தார்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம்

ஒரு கட்டடம் படத்தில் இருக்கிறது என்பது உறுதியான சாட்சி. இல்லை என்பது அவ்வளவு உறுதியில்லை. சென்ட்ரல் படம் ஒன்றில் ரிப்பன் மாளிகை தெரியவில்லை என்று 1909-க்கு முந்தையதாக ஒரு தடவை குறித்துவிட்டேன். அதே இடத்தில் போய் நின்று பார்த்தபோதுதான், அந்தக் கோணத்தில் அது படத்தின் சட்டத்துக்கு வெளியே போய்விடும் என்று புரிந்தது. "இல்லை" என்று எழுதுவதற்கு முன், முடிந்தால் அந்த இடத்துக்கே போய் அதே திசையில் ஒரு படம் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடைசியாக, கண்டுபிடித்த ஆண்டைக் காரணத்தோடு எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை மறுபக்கம் ஊறும். மென்மையான பென்சிலால், படத்தின் பின்னால் ஓரமாக: "கத்திவாக்கம், 1975–78. புகைபோக்கி இருக்கிறது, ஆன்டெனா இருக்கிறது, மின்கம்பம் இல்லை."