தூரத்தை வேகத்தால் வகுக்காதீர்கள்: விமான நேரக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழும்பூரில் டிராவல்ஸ் நடத்துகிறேன். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள், யாரோ சொல்லிவைத்ததுபோல, விமானப் பயண நேரத்தைக் கணக்கிடும் இடத்தில்தான் சறுக்குகிறார்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால் என்பதை மறப்பதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அது முதல் வாரத்திலேயே தெளிந்துவிடும்.

தூரத்தை வேகத்தால் வகுப்பது

சென்னைக்கும் டெல்லிக்கும் வான்வழித் தூரம் சுமார் 1,760 கிலோமீட்டர். ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 850 கிலோமீட்டர் என்று வைத்து வகுத்தால் ஏறக்குறைய 2 மணி 5 நிமிடம் வரும். விமான நிறுவனத்தின் அட்டவணையிலோ ஏறக்குறைய முக்கால் மணி நேரம் கூடுதலாக இருக்கும்.

அட்டவணை நேரம், விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும்போது தொடங்கி, இன்னொரு நிறுத்துமிடத்தில் போய் நிற்கும்போதுதான் முடிகிறது. மீனம்பாக்கத்தில் ஓடுபாதை வரை ஊர்ந்து போக வேண்டும், முன்னால் நிற்பவை கிளம்பும்வரை காத்திருக்க வேண்டும். அங்கே முதன்மை ஓடுபாதை ஏறத்தாழ கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. டெல்லிக்குப் போகிற விமானமும் அந்தத் திசையில் எழும்பிய பிறகுதான் வடக்கே திரும்பும். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 460 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இறங்கும்போதும் அதே கட்டுப்பாடுதான். 850 என்பது நடுவானத்து வேகம், அவ்வளவே.

எங்களிடம் இருந்த ஒரு பையன் இந்த வகுத்தலை நம்பி ஒரு குடும்பத்துக்கு டிக்கெட் போட்டான். டெல்லியிலிருந்து டொராண்டோவுக்கு நள்ளிரவு 1.45 மணி விமானத்தில் அவர்கள் முன்பே தனியாக டிக்கெட் வாங்கியிருந்தார்கள். சென்னையில் இரவு 9 மணிக்குக் கிளம்பினால் 11.05-க்கு டெல்லி என்று இவன் கணக்குச் சொன்னான். அட்டவணையில் 11.50 என்று இருந்ததை எட்டிப் பார்க்கவே இல்லை. அன்று விமானம் அரை மணி தாமதம். பெட்டிகளை எடுத்துக்கொண்டு ஓடியபோது டொராண்டோ விமானத்தின் செக்-இன் கவுன்டர் மூடியிருந்தது. வெளிநாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. நான்கு பேருக்குப் புது டிக்கெட். அந்தப் பையன் அதற்குப் பிறகும், "இணையத்தில் 2 மணி 5 நிமிடம் என்றுதான் போட்டிருக்கிறது சார்" என்றான்.

ஆகவே இணைப்பு விமானம் என்றால் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் போடுங்கள். முடியாவிட்டால் அட்டவணையின் இறங்கும் நேரத்தை எடுத்துக்கொண்டு, அதன் மேல் குறைந்தது நான்கு மணி நேரம் விடுங்கள். டிசம்பர், ஜனவரி மாதங்களில் டெல்லி மூடுபனிக்கு அதுவும் போதாது. முந்தின நாளே அனுப்பிவிடுங்கள்.

போகும் நேரமே திரும்பும் நேரம் என்று நினைப்பது

லண்டன் போவதற்கு ஆகும் நேரத்தைவிட அங்கிருந்து வருவதற்குக் குறைவாகவே ஆகும். மேல்வானத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று, போகும்போது முகத்தில் அடிக்கிறது, வரும்போது முதுகில் தள்ளுகிறது.

தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைப்பது

சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு மிகக் குறுகிய வழி ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே ஏறி இறங்குகிறது. உலக உருண்டையில் நூல் பிடித்துப் பாருங்கள்.

நாட்டிகல் மைல்

வான்வழித் தூரத்தை நாட்டிகல் மைலில் கொடுத்திருந்தால், ஒன்று 1.852 கிலோமீட்டர். சாலை மைல் அல்ல.

எல்லா விமானமும் ஜெட் என்று எண்ணுவது

சேலம், தூத்துக்குடி வழிகளில் ஏடிஆர் என்ற சிறிய புரொப்பெல்லர் விமானம் பறக்கிறது. அதன் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர்தான். டிக்கெட் போடுமுன் எந்த வகை விமானம் என்று பாருங்கள்.