விஎல்சியில் ஓடும் படம் ஜெல்லிஃபினில் தெரியவில்லையா?

உபுண்டு லினக்ஸில் ஜெல்லிஃபின் (வீட்டிலுள்ள படங்களை டிவிக்கும் மற்ற சாதனங்களுக்கும் அனுப்பும் சர்வர் மென்பொருள்) நிறுவியாயிற்று. பிரவுசரில் 8096 போர்ட்டைத் திறந்தால் பக்கமும் வருகிறது. ஆனால் படங்கள் இருக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கைச் சேர்த்தால் லைப்ரரி காலி. அதே படம் விஎல்சி பிளேயரில் நன்றாக ஓடுகிறது. ஆசையாக ஆரம்பித்த என் நண்பர்கள் சிலர் இந்த இடத்தில்தான் லினக்ஸையே விட்டுப் போனார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விஎல்சியை ஓட்டுவது நீங்கள். ஜெல்லிஃபினை ஓட்டுவது, நிறுவும்போது அதற்கென்று உருவாகும் இன்னொரு பயனர். டிஸ்கைச் செருகியதும் உபுண்டு அதை 'மீடியா' ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இணைக்கிறது. அந்தக் கதவு உங்களுக்கு மட்டும்தான் திறக்கும். சரி, ஹோமில் காப்பி செய்து வைத்தால்? 21.04 பதிப்பிலிருந்து ஹோம் ஃபோல்டரும் மற்ற பயனர்களுக்குப் பூட்டித்தான் இருக்கிறது. இதற்காக எல்லாவற்றுக்கும் 777 அனுமதி, அதாவது எல்லாருக்கும் எல்லா உரிமையும், கொடுத்துவிடாதீர்கள். யார் வேண்டுமானாலும் அழிக்கலாம் என்று ஆகிவிடும்.

முதலில் 'டிஸ்க்ஸ்' செயலியைத் திறந்து உங்கள் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுங்கள். பல்சக்கர பட்டனில் 'எடிட் மவுண்ட் ஆப்ஷன்ஸ்' இருக்கும். அதில் 'யூசர் செஷன் டிஃபால்ட்ஸ்' என்பதை அணையுங்கள். மவுண்ட் பாயின்ட்டாக, அதாவது டிஸ்க் வந்து இணையும் இடமாக, 'எம்என்டி' ஃபோல்டருக்குள் ஓர் இடத்தைக் கொடுங்கள். அடையாளத்துக்கு யூயூஐடி (பார்ட்டிஷனின் மாறாத அடையாள எண்) உள்ள வரியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இன்று 'எஸ்டிபி' என்று வரும் டிஸ்க் நாளை 'எஸ்டிசி' ஆகலாம். ஆப்ஷன்களில் 'நோஃபெயில்' இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல், டிஸ்கைக் கழற்றிய நிலையில் கணினியைப் போட்டால் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும்.

ரீஸ்டார்ட் செய்துவிட்டு, புதிய இடத்தை லைப்ரரியில் சேருங்கள். டிஸ்க் லினக்ஸின் வழக்கமான இஎக்ஸ்டி4 வகை என்றால், படங்கள் இருக்கும் ஃபோல்டரின் அனுமதிப் பக்கத்தில் 'மற்றவர்கள்' கோப்புகளைப் படிக்க இடம் கொடுக்க வேண்டும். அதற்கு மேலே உள்ள ஃபோல்டர்களில் ஒன்று மூடியிருந்தாலும் உள்ளே போக முடியாது.

படம் தெரிந்த பிறகு அடுத்த சிக்கல் டிரான்ஸ்கோடிங். டிவிக்கு அந்த வடிவம் புரிந்தால் சர்வர் கோப்பை அப்படியே அனுப்பிவிடும், வேலையே இல்லை. புரியாவிட்டால் ஓடஓட மாற்ற வேண்டும். ப்ளூரேயிலிருந்து எடுத்த பட வடிவ சப்டைட்டிலும் பல சமயம் இந்த வேலையைக் கொண்டுவரும். இன்டெல் கிராஃபிக்ஸ் இருந்தால் டாஷ்போர்டின் பிளேபேக் பகுதியில் குவிக் சிங்கைப் போடுங்கள்; மாற்றும் வேலையை அந்தச் சிப்பே செய்துவிடும். போட்டும் படம் ஓடவில்லை என்றால், ஜெல்லிஃபின் பயனர் 'ரெண்டர்' குழுவில் (கிராஃபிக்ஸ் சிப்பைப் பயன்படுத்த அனுமதி உள்ள குழு) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 'யூசர்மாட்' கட்டளையால் சேர்க்கலாம். ராஸ்பெர்ரி பை 5 வாங்க நினைப்பவர்கள் யோசியுங்கள்: அதில் வீடியோ என்கோடர் வன்பொருளே கிடையாது, புதிய வடிவத்துக்கு மாற்றி எழுதும் சுமை பிராசசர் மேல்தான்.

அப்புறம், படங்கள் நெட்வொர்க்கில் வேறொரு கணினியில் இருந்தால், அங்கே புதிதாகப் போட்ட கோப்பு தானாகத் தெரியாது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தன் வழியாக நடக்கும் மாற்றத்தை மட்டுமே கவனித்துச் சொல்லும். 'ஸ்கேன்' பட்டனை நீங்கள்தான் அழுத்த வேண்டும், இல்லையென்றால் குறித்த நேரத்தில் ஸ்கேன் ஆகும்படி வைத்துவிடுங்கள்.