உப்புக்கு மூலக்கூறு கிடையாது: அயனிப் பிணைப்பில் மாணவர்கள் தடுமாறும் இடங்கள்

ஆண்டுதோறும் விடைத்தாள்களில் நான் சுழிக்கும் முதல் சொற்றொடர், 'ஒரு சோடியம் குளோரைடு மூலக்கூறு'. இந்த ஒரு பிழைதான் மற்றவற்றுக்கும் தாய்.

சமையலறையிலிருந்து ஒரு கல்லுப்பை எடுத்து உருப்பெருக்கியில் பாருங்கள். தட்டையான முகங்களும் செங்கோணத்தில் திரும்பும் விளிம்புகளும் தெரியும். அதற்குள் சோடியமும் குளோரினும் ஜோடி ஜோடியாக இல்லை. ஒவ்வொரு சோடியம் அயனியையும் (அயனி என்பது மின்னூட்டம் பெற்ற அணு) 6 குளோரைடு அயனிகள் சூழ்ந்திருக்கின்றன. ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் 6 சோடியம் அயனிகள். எது எதற்குச் சொந்தம் என்று பிரிக்கவே முடியாது. NaCl என்ற வாய்பாடு சொல்வது ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தை மட்டுமே. அதனால் 58.5 என்பதை வாய்பாட்டு நிறை என்று எழுதுங்கள். மூலக்கூறு நிறை அல்ல.

எக்ஸ் கதிர்களைக் கொண்டு லாரன்ஸ் பிராக் இந்த அமைப்பை 1913இல் காட்டினார். 1927இல்கூட ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற முதுபெரும் வேதியியலாளர் அதை ஏற்க மறுத்து 'நேச்சர்' இதழுக்கு எழுதினார். அவரே தடுமாறிய இடத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளை தடுமாறினால் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

அடுத்தது, 'சோடியம் எலக்ட்ரானை விரும்பிக் கொடுக்கிறது' என்பது. ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவாகிறது. அதைக் குளோரின் அணுக்கள் ஏற்கும்போது திரும்பக் கிடைப்பது 349 மட்டுமே. 147 கிலோஜூல் துண்டு விழுகிறது! அதை ஈடுகட்டுவது, எதிரெதிர் அயனிகள் படிகமாக அடுக்கப்படும்போது வெளிப்படும் சுமார் 787 கிலோஜூல். எலக்ட்ரான் கைமாறுவது முன்னேற்பாடுதான். பிணைப்பு என்பது அதன்பின் எல்லாத் திசைகளிலும் இழுக்கும் மின்கவர்ச்சி. எலக்ட்ரான் கைமாறுவதைக் காட்டும் அம்புக்குறி போட்டதோடு விடையை முடித்துவிடாதீர்கள்.

மின்கடத்தலிலும் எலக்ட்ரானை இழுத்து வருகிறார்கள். திண்ம உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. 801 டிகிரி செல்சியஸில் உருக்கினாலோ நீரில் கரைத்தாலோ கடத்தும். அங்கே மின்னூட்டத்தைச் சுமந்து செல்வது விடுபட்ட அயனிகள்.

உப்புக்கல் நொறுங்குவதால் அதன் பிணைப்பு வலுவற்றது என்று எழுதுவதும் தவறு. சுத்தியலால் தட்டும்போது ஓர் அடுக்கு சற்றே நகர்கிறது. நேர் அயனிக்கு எதிரே நேர் அயனி வந்து நிற்கிறது. விலக்குவிசை எழுகிறது, கல் பிளக்கிறது. கவர்ந்து பிடித்திருந்த அதே மின்விசைதான் இப்போது பிரிக்கிறது.

'அயனிச் சேர்மங்கள் எல்லாம் நீரில் கரையும்' என்று எழுதுவோருக்கு நான் பேரியம் சல்ஃபேட்டைக் காட்டுவேன். பேரியம் அயனி நஞ்சு. ஆனாலும் குடலை எக்ஸ் கதிர்ப் படமெடுக்க மருத்துவமனையில் பேரியம் சல்ஃபேட்டைக் கலக்கிக் குடிக்கவே கொடுக்கிறார்கள். அது ஏறக்குறையக் கரைவதே இல்லை. குடல் வழியாக அப்படியே உடலைவிட்டு வெளியேறிவிடுகிறது.