கிராம் கணக்கில் ஏமாறுவது: பயணக் கேமராவுக்குத் துணைக்கருவிகள் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு மலைக் காட்சிமுனையில் விடியலுக்காகக் காத்திருந்தபோது ஓர் இளைஞர் பக்கத்தில் வந்து நின்றார். கையில் அடக்கமான மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா, தோளில் குடையைவிடச் சற்றே பெரிய ட்ரைபாட் என்னும் முக்காலி. "700 கிராம்தான் அண்ணா" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு காலையும் ஐந்து அடுக்காக இழுத்து நீட்டினார். அது போதாதென்று நடுத்தண்டையும் கடைசி வரை உயர்த்தினார். கேட்காதவரிடம் உபதேசம் செய்யக்கூடாது என்று நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் பத்து ஆண்டுகளுக்கு முன்பு நான் ஏமாந்து வாங்கியதும் ஏறத்தாழ அதே பொருள்தான்.

லென்ஸ் மூடியைத் தொலைப்பது, பேட்டரியைச் சார்ஜ் செய்ய மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை பட்டால் தாமாகவே திருந்திவிடும் தவறுகள் அவை. காசும் கொடுத்து, சுமந்தும் திரிந்து, வீடு திரும்பிய பிறகே விளங்குகிற தவறுகள் வேறு.

இருப்பதிலேயே எடை குறைந்த ட்ரைபாட்

அந்த ட்ரைபாட்டோடு போன பயணத்தில் எனக்கு ஒரே ஆசைதான்: ஆற்றின் மேலுள்ள பாலத்தை இரவில், விளக்குகள் தண்ணீரில் நீண்டு விழும்படி எடுக்க வேண்டும். இரண்டு இரவுகள் நின்று, ஷட்டரை 8 வினாடி திறந்து வைத்து, அறுபதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தேன். கேமராவின் சிறிய திரையில் எல்லாம் கண்ணாடிபோல் தெரிந்தன. வீட்டுக்கு வந்து கணினியில் முழு அளவில் திறந்தபோது ஒவ்வொரு விளக்கும் பக்கத்தில் ஒரு நிழலுடன் இரட்டையாக இருந்தது. ஒரு படம்கூடத் தேறவில்லை. ஃபோகஸ் தவறவில்லை, புயலும் அடிக்கவில்லை. கரையோரக் காற்று மட்டும் இலேசாக வீசியது. அந்தக் காற்றே போதுமானதாக இருந்தது.

காரணம் எளிது. சிறிதாக மடங்க வேண்டுமானால் காலைப் பல துண்டுகளாக்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் மேலுள்ளதன் உள்ளே போக வேண்டும் என்பதால் ஐந்தாவது துண்டு பென்சில் கனத்துக்கு வந்துவிடுகிறது. சுவரின் தடிமன் மாறாமல் குழாயின் விட்டம் மட்டும் பாதியானால், அது வளையாமல் நிற்கும் திறன் பாதியாவதில்லை, சுமார் எட்டில் ஒரு பங்காகிறது. அந்தப் பென்சில்தான் தரையைத் தொட்டு, மேலே உள்ள அத்தனையையும் தாங்குகிறது. கார்பன் ஃபைபர் அலுமினியத்தைவிட இலேசானது, அதிர்வையும் சீக்கிரம் அடக்கும். ஆனாலும் பென்சில் பென்சில்தான். நடுத்தண்டை உயர்த்துவது இதைவிட மோசம். மூன்று காலில் நிற்க வேண்டிய கேமராவை ஒற்றைக் காலில் நிறுத்துகிறீர்கள்.

பெட்டியின் மேல் "8 கிலோ தாங்கும்" என்று போட்டிருக்கும். தாங்கும், உடையாது. ஆடாது என்று யாரும் சொல்லவில்லை. அந்த எண்ணைக் கணக்கிட எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோலும் கிடையாது.

இது புரியாமல் நான் இரண்டாவதாக ஒன்று வாங்கினேன். 200 கிராம் கூடுதல், அதே உயரம், அதே ஐந்தடுக்குக் கால், அதே நடுக்கம். மூன்றாவதுதான் உருப்படியானது. மூன்றுக்கும் கொடுத்ததை ஒன்றாகச் சேர்த்துக் கூட்டிப் பார்க்கும் துணிவு இன்றுவரை எனக்கு வரவில்லை.

வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் கேமராவில் உங்களிடமுள்ள நீளமான லென்ஸை மாட்டி, ட்ரைபாட்டை முழுமையாக நீட்டி நிறுத்துங்கள். திரையில் காட்சியை 10 மடங்கு பெரிதாக்கி, ஒரு காலை விரலால் சுண்டுங்கள். படம் துள்ளும். எத்தனை வினாடியில் அடங்குகிறது என்று எண்ணுங்கள். 2 வினாடி டைமர் வைத்துப் படம் எடுப்பதே, பொத்தானை அழுத்திய அதிர்வு அடங்கட்டும் என்பதற்காகத்தான். 2 வினாடி கழித்தும் ஆடிக்கொண்டிருந்தால் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கேமராவைத் தாங்கும் பந்து வடிவத் தலையையும் அப்போதே பாருங்கள். இறுக்கிவிட்டுக் கையை எடுத்ததும் லென்ஸின் மூக்கு மெல்லத் தாழ்ந்தால் அதுவும் வேண்டாம்.

எடை குறைய வேண்டுமானால் உயரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், காலின் தடிமனைக் குறைக்காதீர்கள். கண் உயரம் என்பது வியூஃபைண்டரில் கண் வைத்தே தீர வேண்டியிருந்த காலத்துக் கணக்கு. இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் பெரும்பாலானவற்றின் திரை மேல்நோக்கித் திரும்பும். நெஞ்சு உயரம் தாராளம். நான்கு அடுக்குக் கால், நெஞ்சு உயரம், நடுத்தண்டு இல்லாதது அல்லது கழற்றக்கூடியது: இப்படித் தேடினால் 1.2 கிலோ சுமாருக்கு நம்பத் தகுந்தது கிடைக்கும். பையைக் கொக்கியில் தொங்கவிட்டால் உறுதி கூடும் என்பார்கள். அந்தரத்தில் ஊஞ்சலாடும் பை ட்ரைபாட்டையும் சேர்த்து ஆட்டும். பையின் அடிப்பகுதி தரையைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. உடலிலேயே அதிர்வுத் தடுப்பு உள்ள கேமராவும் அகலக்கோண லென்ஸும் இருந்தால், மூச்சைப் பிடித்துக்கொண்டு அரை வினாடி வரைகூடக் கையிலேயே எடுக்கலாம். பல வினாடி ஷட்டரைத் திறந்து வைக்கும் பழக்கமே இல்லாதவருக்கு ட்ரைபாட் எதற்கு? சாண் நீளக் குட்டி ட்ரைபாட் ஒன்றைக் கைப்பிடிச் சுவரில் வைத்தால், அந்த 700 கிராம் கொக்குக்கால் ட்ரைபாட்டைவிட நூறு மடங்கு திடமாக நிற்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது எடுத்துப் போயும் பையைவிட்டு வெளியே எடுக்காத கருவிக்கே பொருந்தும்.

காட்சிமுனை இளைஞர்? மங்கல் வெளிச்சத்தில் நாலைந்து படம் எடுத்தார். திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு ட்ரைபாட்டை மடித்துக் கீழே போட்டுவிட்டுக் கையிலேயே எடுக்கத் தொடங்கினார்.

பேட்டரி: எண்ணிக்கையில் கஞ்சத்தனம்

மிரர்லெஸ் கேமராவில் திரையோ வியூஃபைண்டரோ எப்போதும் எரிந்துகொண்டிருப்பதால் பேட்டரி வேகமாகத் தீரும். குளிரில் இன்னும் வேகமாக. கூடுதலாக இரண்டு வேண்டும். பவர் பேங்க் இருக்கிறதே என்று ஒன்றோடு கிளம்பாதீர்கள். சில கேமராக்கள் சார்ஜ் ஏறும்போது படம் எடுக்க விடுவதில்லை. உங்களுடையது எப்படி என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

விமானத்தில் உதிரி பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-மணிக்கு மேற்பட்டவற்றுக்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். கணக்கு எளிது: மில்லியாம்பியர்-மணியை 1000-ஆல் வகுத்து வோல்ட்டால் பெருக்குங்கள். 20,000 என்று போட்ட பவர் பேங்க், 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணி. 7.2 வோல்ட், 1020 மில்லியாம்பியர்-மணி கேமரா பேட்டரி சுமார் 7.3 மட்டுமே. மலிவு பேட்டரி வயிறு உப்பி உள்ளேயே சிக்கிக்கொண்டதும் உண்டு. அதைப் பிடுங்கி எடுத்த கதை இன்னொரு நாள்.

ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு ஃபில்டர்

வேண்டாம். லென்ஸின் முன்னே திருகி மாட்டும் இந்தக் கண்ணாடியை உள்ளதிலேயே பெரிய விட்டத்துக்கு ஒன்று வாங்கி, மற்ற லென்ஸ்களுக்கு அளவு மாற்றும் வளையம் போட்டுக்கொள்ளுங்கள். அப்போது சிறிய லென்ஸின் ஹூட் (வெயில் மறைப்பு) பொருந்தாது, உள்ளங்கையால் வெயிலை மறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

போலரைசரை (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) அகலக்கோண லென்ஸில் மாட்டி நீல வானத்தை எடுக்கும்போது கவனம். சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள வானத்தில்தான் அது மிக வலுவாக வேலை செய்யும். படத்தின் ஒரு பகுதி கருநீலமாகவும் மற்றது வெளுத்தும் திட்டுத்திட்டாக வரும். திருகித் திருகி இருளைக் கூட்டும் என்டி ஃபில்டரும் அப்படித்தான்: எல்லைக்குத் திருகினால் படத்தின் குறுக்கே ஒரு பெருக்கல் குறி விழும்.

மெமரி கார்டில் பெரிய எழுத்தை மட்டும் படிப்பது

பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். கேமராவுக்கு வேண்டியது எழுதும் வேகம். வி30 (V30) என்ற சின்னக் குறியைத் தேடுங்கள். வினாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் தொடர்ந்து எழுதும் என்று பொருள். சாதாரண 4கே வீடியோவுக்கு அது போதும்.

பை

வாங்குமுன் வெறும் பையை எடை போட்டுப் பாருங்கள்.

ஸ்ட்ராப்

மெல்லிய கயிறு கேமரா வளையத்தில் உரசும் இடத்தை மாதம் ஒருமுறை பாருங்கள். நூல் பிரிந்திருந்தால் அன்றே மாற்றுங்கள்.

தூசி

காற்று ஊதும் ரப்பர் பந்து கனமே இல்லாதது, ஆனால் பையில் இடத்தை அடைக்கும். அதனாலேயே நான் ஒருமுறை விட்டுவிட்டுப் போனேன். மிரர்லெஸ் கேமராவில் லென்ஸைக் கழற்றியதும், படத்தைப் பதிவு செய்யும் சென்சார் பெரும்பாலும் திறந்தேதான் இருக்கும். மூன்றாம் நாள் அதில் தூசி விழ, வாயால் ஊதினேன். தூசி போகவில்லை. எச்சில் துளி ஒன்று புதிதாகச் சேர்ந்தது. மீதி ஐந்து நாள் படங்களிலும் வானத்தின் வலது மூலையில், ஒரே இடத்தில், அது இருக்கிறது.