பாய்மரப் படகில் காலையும் பாயையும் கிழிக்கும் ஸ்பிளிட் பின் முனைகள்: புதியவர்களுக்கான செய்முறை

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் கோடைக்காலத்தில் மதியம் இரண்டு மணியைத் தாண்டினால் கோல்டன் கேட் நீரிணை வழியாகக் காற்று 20, 25 நாட் (மணிக்கு ஏறக்குறைய 40 கி.மீ.) வேகத்தில் உள்ளே புகுந்துவிடும். அப்படியொரு மதியம் நண்பரின் கேட்டலினா 22 படகில், பாய்மரத்தடியில் சிக்கிய கயிற்றை எடுத்துவிட முன்பக்கம் தவழ்ந்து போனபோது, பாய்மரத்தைப் பிடித்திருக்கும் ஷ்ரவுட் கம்பியின் அடியில் துருத்திக்கொண்டிருந்த ஸ்பிளிட் பின் என்ற சின்ன இரட்டைக்கால் கம்பி என் கெண்டைக்காலைக் கீறிவிட்டது. நான்கு தையல். அதற்கு முந்தைய மாதம் ஜெனோவா என்ற பெரிய முன்பாயின் அடிவிளிம்பு கிழிந்து, பாய் பழசாகிவிட்டது என்று நினைத்திருந்தோம். கரைக்கு வந்து பின்னைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதுவும் இதே பின்னின் வேலை. வெள்ளைப் பாய்நூல் இன்னும் அதில் மாட்டியிருந்தது.

உடனே நாங்கள் செய்தது என்ன தெரியுமா? கையில் கிடைத்த கருப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, அந்தக் கம்பியை இறுக்கும் டர்ன்பக்கிளை மேலிருந்து கீழ்வரை இறுக்கச் சுற்றினோம். மறு வருடம் பிரித்தால் பசை உருகி வழிந்து, உள்ளே உப்பு ஈரம் தேங்கி, மரையெல்லாம் பழுப்பேறியிருந்தது. மூடினால் போதும் என்று நினைத்தது தப்பு. முதலில் கூர்மையைப் போக்க வேண்டும், அப்புறம்தான் மூட வேண்டும், அதுவும் காற்று போய்வரும்படி மூட வேண்டும். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

சில பெயர்களை முதலில் பார்த்துவிடலாம். பாய்மரத்தை இரு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகள்தான் ஷ்ரவுட். பழைய கேட்டலினா 22-இல் பக்கத்துக்கு மூன்று இருக்கும். ஒவ்வொரு கம்பியின் அடியிலும் இறுக்கித் தளர்த்துவதற்கு ஒரு திருகு அமைப்பு, அது டர்ன்பக்கிள். அதைப் படகோடு இணைக்கும் தடித்த ஆணி கிளெவிஸ் பின். அந்த ஆணி நழுவாமலும் டர்ன்பக்கிள் தானாகச் சுழன்று அவிழாமலும் தடுப்பதற்காகச் சொருகும் இரட்டைக்கால் கம்பிதான் ஸ்பிளிட் பின், காட்டர் பின் என்றும் சொல்வார்கள். காயப்படுத்துவது பெரும்பாலும் இந்தக் கடைசிச் சின்னச் சாமான்தான். ஆனால் குத்துகிறதே என்று அதை எடுத்துவிட்டுப் படகை ஓட்டவே கூடாது. கிளெவிஸ் பின் நழுவினால் பாய்மரமே சாயும்.

தேவையானவை: நல்ல கட்டிங் பிளேயர், சிறிய அரம், கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி, தோல் கையுறை, பழைய நைலான் காலுறை ஒன்று, 316 தர துருப்பிடிக்காத எஃகு ஸ்பிளிட் பின்கள், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் டேப். இந்த டேப்பில் பசை கிடையாது, படகுச் சாமான் கடைகளில் ரிகிங் டேப் என்று கேட்டாலே கொடுப்பார்கள். சாதாரண ஹார்ட்வேர் கடையில் விற்கும் துத்தநாகம் பூசிய இரும்புப் பின் வேண்டாம், உப்புத் தண்ணீரில் சீக்கிரமே துருவேறிவிடும்.

படி 1: எங்கே குத்துகிறது என்று தேடுங்கள்

படகைக் கட்டிவைத்து, பாய்களை இறக்கிய பிறகு தொடங்குங்கள். கையுறை போட்ட கையின்மேல் நைலான் காலுறையை மாட்டிக்கொண்டு, ஷ்ரவுட் அடி, பாய்மரத்தடி, பாயின் அடியைப் பிடிக்கும் பூம் கட்டையின் முனை, முன்கம்பி, பின்கம்பி என்று எல்லா இடத்திலும் மெதுவாகத் தடவிக்கொண்டே வாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பிசிறைக்கூட காலுறை பிடித்துக்கொள்ளும். எங்கெல்லாம் மாட்டுகிறதோ அங்கெல்லாம் ஒரு துண்டு காகித டேப்பை ஒட்டி அடையாளம் வையுங்கள். நின்றபடியே பார்த்தால் பாதி தப்பிவிடும், ஏனென்றால் காற்றடிக்கும்போது நீங்கள் அங்கே நிற்கப்போவதில்லை, முழங்காலிலும் கைகளிலும் தவழத்தான் போகிறீர்கள். அதே மாதிரி தவழ்ந்து பாருங்கள்.

படி 2: கம்பி இழை அறுந்திருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்

பெரும்பாலான ஷ்ரவுட் கம்பிகள் 19 இழைகளைச் சேர்த்து முறுக்கியவை. இதில் ஓர் இழை அறுந்தால் அதன் நுனி மீன்முள் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சும்மா கையை ஓட்டினால் உள்ளங்கையைக் கிழித்துவிடும். பெரும்பாலும் கம்பி கீழ்முனைப் பூணுக்குள் நுழையும் இடத்தில்தான் இப்படி ஆகும், தண்ணீர் வழிந்து தேங்குவது அங்கேதான்.

இதைப் பார்த்ததும் நுனியை வெட்டிவிட்டு டேப் சுற்றிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். ஓர் இழை போனதென்றால் மற்றவையும் அதே வயதுதான், அதே அளவு தேய்ந்தவைதான். அந்தக் கம்பியை மாற்றும்வரை படகை வெளியே எடுக்க வேண்டாம். அறுந்த இழையை டேப்பால் மறைத்துவிட்டால் அடுத்து அந்தப் படகில் ஏறுகிறவருக்கு அப்படியொரு ஆபத்து இருப்பதே தெரியாது. எனக்கு இது மிகவும் முக்கியம் என்பதால்தான் ஸ்பிளிட் பின் வேலைக்கு முன்னால் இதை வைத்திருக்கிறேன்.

படி 3: ஸ்பிளிட் பின்னை வெட்டி, மழுக்கி, கொஞ்சமாக விரியுங்கள்

இதுதான் முக்கியமான வேலை, நிதானமாகச் செய்யுங்கள். கடையில் வாங்கும் பின்னின் கால்கள் மிக நீளமாக இருக்கும், அப்படியே சொருகி, இரண்டு காலையும் முழுசாகப் பின்னால் மடக்கிச் சுருட்டிவிடுவார்கள் பலர். பார்க்கப் பலமாகத் தெரியும், ஆனால் அவசரத்துக்கு அதைக் கழற்றவே முடியாது, இழுத்தால் பாதியில் ஒடிந்து இன்னொரு கூர்முனை வரும்.

சரியான அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. கிளெவிஸ் பின்னின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் இருந்தால் ஸ்பிளிட் பின்னுக்குப் போதும். 8 மில்லிமீட்டர் கிளெவிஸ் பின் என்றால் 12 மில்லிமீட்டர். அந்த அளவில் அடையாளம் வைத்து, படகில் சொருகுவதற்கு முன்பே வெட்டிவிடுங்கள். வெட்டும்போது கண்ணாடி கட்டாயம் போட்டிருக்க வேண்டும், வெட்டுப்படும் துண்டு சுளீரென்று தெறிக்கும், அதனால் பின்னைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு வெட்டுவது நல்லது. வெட்டிய இடம் உளி மாதிரி கூராக இருக்கும். அரத்தால் நான்கைந்து தேய், அவ்வளவுதான், நுனி உருண்டையாகிவிடும். இந்த நான்கைந்து தேய்ப்பைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், என் காலில் தையல் விழுந்ததும் இதனால்தான்.

இப்போது சொருகுங்கள். ஒவ்வொரு காலையும் வெளிப்பக்கமாகப் 10 பாகை அளவுக்கு வளைத்தால் போதும், இரண்டும் சேர்ந்து ஒரு சின்ன V மாதிரி தெரியும். பின் வெளியே வராது, தேவைப்பட்டால் பிளேயரால் நேராக்கி ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம். முடிந்தவரை கால்கள் படகின் வெளிப்பக்கம் பார்க்கும்படி, நடமாட்டம் இல்லாத பக்கமாகத் திருப்பி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஒரு நேரத்தில் ஒரு பின்னைத்தான் கழற்ற வேண்டும். கழற்றி, புதிதைப் போட்டு, விரித்து முடித்த பிறகுதான் அடுத்தது. எல்லாவற்றையும் கழற்றி வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு வேலை செய்தால், நடுவில் யாராவது கூப்பிட்டு எழுந்து போய்விட்டால், ஒன்று விட்டுப்போகும். ஒருமுறை கழற்றிய பின்னை மறுபடி போடாதீர்கள், வளைத்து நிமிர்த்திய உலோகம் களைத்துப்போயிருக்கும்.

படி 4: வளையங்கள்

பாய்மரத்தை அடிக்கடி இறக்கி டிரெய்லரில் ஏற்றும் படகுகளில் ஸ்பிளிட் பின்னுக்குப் பதில் சாவிக்கொத்து வளையம் மாதிரி ஒன்று போடுவார்கள். குத்தாது, நல்லதுதான். ஆனால் முன்பாயின் கயிறு உரசும் இடத்தில் அது மாட்டிக்கொண்டு விரிந்து கழன்றுவிடும். அப்படிப்பட்ட இடத்தில் ஸ்பிளிட் பின்னே மேல், வளையம்தான் வேண்டும் என்றால் மேலே டேப் சுற்றியே ஆக வேண்டும். கொஞ்சம் விரிந்த வளையத்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

படி 5: டேப் சுற்றுவது

துருப்பிடிக்காத எஃகு என்று பெயர்தானே தவிர அது துருப்பிடிக்கும். அதன் மேலே குரோமியம் ஆக்சைடு மெல்லிய படலமாக இருந்து காக்கிறது. அந்தப் படலம் சிதைந்தால் மறுபடி உருவாக ஆக்சிஜன் வேண்டும். இறுக்கமாக மூடிய டேப்புக்குள் உப்புத் தண்ணீர் புகுந்து, காற்று மட்டும் புகாமல் இருந்தால், எஃகு உள்ளுக்குள்ளேயே குழி குழியாக அரிக்கும், வெளியே ஒன்றுமே தெரியாது. 316 தரம் கொஞ்சம் தாங்கும், ஆனால் அதற்கும் இது வரும். எங்கள் டர்ன்பக்கிளுக்கு நடந்ததும் இதுதான்.

அதனால் பின் இருக்கும் இடத்தை மட்டும் சுற்றுங்கள். டர்ன்பக்கிளின் நடு உடலைத் திறந்தே விடுங்கள். சிலிக்கான் டேப்பை இரண்டு மடங்கு நீளம் வரும்வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடும்படி, கீழிருந்து மேலாக இரண்டு மூன்று சுற்று சுற்றினால் போதும். அப்படிச் சுற்றினால் ஓட்டுவீட்டுக் கூரை மாதிரி மேல்சுற்று கீழ்ச்சுற்றின்மேல் படிந்து, தண்ணீர் வெளியே வழிந்துவிடும். இழுக்காமல் சுற்றினால் ஒட்டாது, பலர் டேப் சரியில்லை என்று சொல்வது இதனால்தான். அடியில் தண்ணீர் வடிய வழி இருக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் குழாய் உறை போடுகிறவர்களும் மேலும் கீழும் அடைக்காமல் விட வேண்டும்.

டேப் சுற்றவே மனமில்லை என்றால், பின்னின் இரண்டு நுனியிலும் சிலிக்கான் சீலன்டில் ஒரு பட்டாணி அளவு வைத்துவிடலாம். எங்கள் படகில் இப்போது இப்படித்தான் இருக்கிறது. பின் கண்ணுக்குத் தெரிகிறது, குத்துவதில்லை, எடுக்க வேண்டுமென்றால் நகத்தால் உரித்துவிடலாம்.

படி 6: ஸ்ப்ரெடர் முனைகள்

பாய்மரத்தின் பாதி உயரத்தில் இரு பக்கமும் கைநீட்டி நிற்கும் குச்சிகள்தான் ஸ்ப்ரெடர். ஜெனோவா பாய்மரத்தைத் தாண்டிப் பின்னால் நீளும் பெரிய பாய் என்பதால், படகைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் இந்த முனையில் உரசும். இதற்கென்றே விற்கும் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் உறைகள் உண்டு, தோல் வைத்துத் தைத்தால் இன்னும் நீடிக்கும். டென்னிஸ் பந்தை அறுத்து மாட்டுவது பழைய பழக்கம், ஆனால் அது தண்ணீரை உறிஞ்சி உள்ளேயே வைத்துக்கொள்ளும், நான் சொல்ல மாட்டேன். கேட்டலினா 22 போன்ற சின்னப் படகில் பாய்மரத்தை இறக்கித் தரையில் வைத்தே இதைச் செய்யலாம். புதியவர்கள் இதற்காகப் பாய்மரத்தில் ஏற வேண்டாம். அப்படியே பாயை விரித்து முனை படும் இடத்தைப் பென்சிலால் குறித்து, ஒட்டுப் போடுங்கள், பாய் இன்னும் பல வருடம் உழைக்கும்.

படி 7: மிச்சம் மீதி

U வடிவ இணைப்பான ஷேக்கிள் அவிழாமல் இருக்கக் கம்பி கட்டியிருந்தால் அதன் முறுக்கு நுனியை உள்பக்கம் மடக்கிவிடுங்கள். கம்பிக்குப் பதில் கேபிள் டை போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, சாய்வாக வெட்டிய கேபிள் டை நுனி பிளேடு மாதிரி அறுக்கும். தலையோடு ஒட்டி நேராக வெட்டுங்கள், நகவெட்டி இதற்கு நன்றாக வேலை செய்யும். படகைச் சுற்றியிருக்கும் பாதுகாப்புக் கம்பிக்கு வெள்ளை பிளாஸ்டிக் உறை இருந்தால், உறை முடியும் இடத்தில் பழுப்புக் கறை தெரிகிறதா என்று பாருங்கள். கறை இருந்தால் உள்ளே இழை அறுந்திருக்கலாம், அந்தக் கம்பியையும் மாற்ற வேண்டும்.

வருடத்துக்கு ஒருமுறையாவது டேப்பை எல்லாம் கத்தியால் நீளவாக்கில் கீறி எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, பின்னைப் பார்த்துவிட்டுப் புதிதாகச் சுற்றுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கீறல் பட்டால், கடல்தண்ணீரில் அலசிவிட்டு விட்டுவிடாதீர்கள். நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள், டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆகிறது என்று பாருங்கள். பொதுவாகப் 10 வருடத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ள வேண்டும், காயம் ஆழமாகவோ அழுக்காகவோ இருந்தால் 5 வருடம் ஆகியிருந்தாலே மருத்துவரைக் கேட்க வேண்டும். மறுநாள் சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்.