ஷிப்ட் வேலையோடு மருத்துவமனை நிர்வாக முதுகலை: எங்கே தொடங்குவது?

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ வார்டு, மருந்தகம், பில்லிங் என்று சில வருடங்கள் ஓட்டிவிட்டு நிர்வாகப் பக்கம் போக நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது கட்டணத்தை. அதற்கு முன் மணிக்கணக்கைப் பாருங்கள். பாதியில் நிற்பவர்களில் பலரைக் கவிழ்ப்பது அதுதான்.

படி 1: நேரத்தை எண்ணுங்கள்

மலேசியத் தகுதி முகமையான எம்கியூஏ கணக்கில் 1 கிரெடிட் என்பது 40 மணி நேர உழைப்பு. வகுப்பு, வாசிப்பு, அசைன்மென்ட், தேர்வு எல்லாம் அதில் அடக்கம். பாடவழி முதுகலைக்குக் குறைந்தது 40 கிரெடிட். ஆக 1,600 மணி. இரண்டு வருடத்தில் முடிக்க வாரம் சுமார் 15 மணி, மூன்று வருடம் என்றால் 10 மணி. இரவு ஷிப்ட் முடிந்து வந்து தூங்கும் பகலை இதில் சேர்க்காதீர்கள். அந்த நேரத்தில் படித்தது தலையில் நிற்காது. ஒரு மாத ரோஸ்டரை எடுத்து, உண்மையிலேயே காலியாக இருக்கும் நேரத்தைப் பேனாவால் வட்டமிடுங்கள். வாரம் 10 மணி தேறவில்லை என்றால் இந்த வருடம் விண்ணப்பிக்க வேண்டாம்.

படி 2: பட்டத்தின் பதிவைச் சரிபாருங்கள்

அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியலான எம்கியூஏ-வின் எம்கியூஆர் பதிவேடு இணையத்தில் இலவசம். விளம்பரத்தாளில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அங்கே தேடுங்கள். பெயர் மட்டும் பொருந்தினால் போதாது: எந்த வளாகம், முழுநேரமா பகுதிநேரமா, நேரடி வகுப்பா தொலைக்கல்வியா என்பதும் பொருந்த வேண்டும். ஒரு வளாகத்துக்கு வாங்கிய அங்கீகாரத்தைக் காட்டி இன்னோர் ஊரில் ஆள் சேர்த்தால், மாட்டிக்கொள்வது மாணவர்தான். சான்று எண்ணில் ‘பிஏ’ என்றிருந்தால் தற்காலிக அங்கீகாரம், ‘எஃப்ஏ’ என்றால் முழு அங்கீகாரம். புதிய படிப்பு பிஏ-வில் இருப்பது இயல்பு. எஃப்ஏ எப்போது என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். அரசாங்க ஊழியர் என்றால் துறைத் தலைவரின் அனுமதியையும் முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள்.

படி 3: நுழைவுத் தகுதி

இளங்கலையில் சிஜிபிஏ (மொத்தப் புள்ளிச் சராசரி) 2.50 இருந்தால் பொதுவாகச் சிக்கல் இல்லை. அதற்குக் கீழே என்றால் தொடர்புடைய துறையில் 5 வருட அனுபவம் கேட்பார்கள். அதனால் முதலாளியிடம் வாங்கும் கடிதத்தில் பதவியும் தேதிகளும் மட்டும் போதாது; ரோஸ்டர் போட்டது, ஸ்டாக் பார்த்தது, புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது போன்ற பொறுப்புகளும் இருக்கட்டும்.

தாதிமைத் துறையில் டிப்ளோமா மட்டும் உள்ளவர்களுக்கு, வேலை அனுபவத்தை மதிப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளும் ‘ஏபெல் ஏ’ என்ற வழி இருக்கிறது. 30 வயது தாண்டியிருக்க வேண்டும். எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) அல்லது டிப்ளோமாவோடு தொடர்புடைய வேலை அனுபவமும் வேண்டும். திறனறித் தேர்வும் அனுபவக் கோப்பும் உண்டு. பலர் தடுமாறுவது கோப்பில்தான். “பத்து வருடம் ஐசியூவில் வேலை செய்தேன்” என்பது அங்கே எடுபடாது. என்ன பிரச்சினை, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன மாறியது, அதற்கு என்ன ஆதாரம் என்று எழுத வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: ஏபெல் ஏ வாசலைத் திறந்துவிடும், அவ்வளவுதான். அது இளங்கலைப் பட்டம் ஆகிவிடாது.

படி 4: பணம்

ஊழியர் சேமநிதியான இபிஎஃப்-இன் செஜாதெரா கணக்கிலிருந்து கல்விக்குப் பணம் எடுக்கலாம். வருமான வரியில் சொந்தக் கல்விக் கட்டணத்துக்கு வருடம் அதிகபட்சம் 7,000 ரிங்கிட் கழிவு உண்டு. முதுகலைக்கு எந்தத் துறையானாலும் சரி. இதில் ஒரு சூட்சுமம். 21,000 ரிங்கிட்டை ஒரே வருடத்தில் கட்டினால் 7,000-க்கு மட்டுமே கழிவு. மூன்று காலண்டர் வருடங்களில் பிரித்துக் கட்டினால் முழுத் தொகைக்கும் கிடைக்கும். 11 விழுக்காட்டு வரி அடுக்கில் இருப்பவருக்கு 7,000 கழிவு என்றால் கையில் மிஞ்சுவது 770 ரிங்கிட். ரசீதுகளை 7 வருடம் பத்திரமாக வைத்திருங்கள்.

படி 5: முதல் செமஸ்டர்

இரண்டு பாடத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். மருத்துவப் பின்னணி உள்ளவர்களுக்கு நிதிக் கணக்கும் புள்ளியியலும்தான் உதைக்கும். இரண்டையும் ஒரே செமஸ்டரில் போட்டுக்கொள்ளாதீர்கள். தேதிகள் வந்ததும் ரோஸ்டர் போடும் சிஸ்டரிடம் கொடுத்துவிடுங்கள். தீபாவளி விடுப்புக்கு வார்டில் நடக்கும் போட்டி தெரிந்ததுதானே. அந்த வாரத்தில் அசைன்மென்ட் கெடு இருந்தால் முன்கூட்டியே முடித்துவிடுவதே புத்திசாலித்தனம்.

படி 6: ஆய்வு

“மலேசியாவில் மருத்துவச் சேவைத் தரம்” போன்ற தலைப்பு முடியவே முடியாது. “ஒரு வார்டில் டிஸ்சார்ஜ் ஏன் தாமதமாகிறது” என்பது முடியும். டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன நேரம், மருந்து வந்த நேரம், பில் தயாரான நேரம், காப்புறுதி நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதம் வந்த நேரம். நூறு நோயாளிகளுக்கு இந்த நான்கையும் குறித்தாலே எங்கே அடைக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஆனால் குறிப்பதற்கு முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். சுகாதார அமைச்சின் மருத்துவமனை என்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேடான என்எம்ஆர்ஆர்-இல் பதிவும் கட்டாயம். இதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் கடைசி செமஸ்டருக்கு முந்தையதிலேயே விண்ணப்பியுங்கள். அனுமதி கைக்கு வரும்வரை ஒரு ஃபைலிலிருந்தும் எண்ணை எடுக்காதீர்கள். பிறகு வரும் அனுமதி, முன்பு எடுத்த தரவுக்குச் செல்லாது.